பியானோல டாக்டரேட் பண்ணலாமா? ஒரு அப்பாவுக்கு எழுதுனது

சார், உங்க பொண்ணு ஒஹையோல பியானோ மாஸ்டர்ஸ் முடிக்கப் போறா, அடுத்து டிஎம்ஏ பண்ணுவேன்னு பிடிவாதமா நிக்கிறா, இன்னும் மூணு நாலு வருஷம் படிச்சு என்ன வேலை கிடைக்கும்னு கேட்டிருந்தீங்க. பெத்தவங்க கேக்க வேண்டிய கேள்விதான்.

டிஎம்ஏங்கிறது, அதாவது டாக்டர் ஆஃப் மியூசிக்கல் ஆர்ட்ஸ், மேடையில வாசிக்கிறவங்களுக்கான டாக்டரேட். மூணு நாலு ரிசைட்டல், அதாவது தனிக் கச்சேரி, குடுக்கணும், அதுல ஒண்ணு பேசி விளக்கி வாசிக்கிற லெக்சர் ரிசைட்டல், அப்புறம் எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, பிஎச்டி தீசிஸ விட சின்னதா ஒரு ஆய்வு. அமெரிக்க காலேஜ்ல பியானோ ப்ரொபசர் வேலைக்கு பெரும்பாலும் இந்தப் பட்டத்தத்தான் கேக்கறாங்க.

ஆனா அந்த வேலை ரொம்ப கம்மி சார். ஒரு இடம் காலியானா டாக்டரேட் முடிச்சவங்க குவிஞ்சிடறாங்க, அத்தன பேரும் நல்லா வாசிக்கிறவங்க, அப்போ தூக்கி நிறுத்துறது சொல்லிக்குடுத்த அனுபவம்தான். அதனால டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப், அதாவது படிச்சுக்கிட்டே அங்கயே கிளாஸ் எடுக்கற வேலை, இல்லாம எங்கயும் சேர வேணாம்னு அடிச்சு சொல்றேன். என்கிட்ட வந்த ஒரு பையன் பேருக்கு ஆசப்பட்டு கைக்காசு போட்டு சேந்தான், ரெண்டாவது வருஷம் கடனோட நின்னான், அதுவரைக்கும் ஒரு கிளாஸ்கூட எடுக்கல. அன்னிக்கு நான் இன்னும் அழுத்தமா சொல்லியிருக்கணும்னு இப்பவும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

அசிஸ்டன்ட்ஷிப் கிடைச்சா பீஸ் முழுசாவோ பாதியாவோ போயிடும், கைச்செலவுக்கு பணமும் வரும், வாரம் 10லேந்து 20 மணி நேரம் வேலை. அதுலயும் க்ரூப் பியானோ கிளாஸ் எடுக்கக் குடுக்கறாங்களான்னு கேக்கச் சொல்லுங்க. ஒரே ரூம்ல பன்னண்டு பதினாறு டிஜிட்டல் பியானோ, எல்லார் காதுலயும் ஹெட்போன், டீச்சர் தன் மேஜையிலேந்தே ஒவ்வொருத்தர் வாசிக்கிறதையும் தனித்தனியா கேக்கலாம். உக்காந்திருக்கிறவங்க பாடுறவங்க, ட்ரம்பெட் ஊதுறவங்க, மியூசிக் டிகிரி வேணும்னா அவங்களும் பியானோ டெஸ்ட் பாஸ் பண்ணணும். ட்ரம்பெட் பையனுக்கு ஸ்கேல் வாசிக்கும்போது கட்டவிரல் எங்க மாட்டுதுன்னு பாத்து, அவன் பயம் போற மாதிரி சொல்லித் தர்றதுக்குப் பேருதான் பெடகாஜி. ஒக்லஹோமா, சவுத் கரோலினா யூனிவர்சிட்டிலெல்லாம் இதுக்குன்னே நல்ல பேர் இருக்கு.

தேதி விஷயம். நிறைய யூனிவர்சிட்டி மியூசிக் ஸ்கூல்ல டிசம்பர் 1க்குள்ள வாசிச்ச வீடியோ அனுப்பணும், அத பாத்து எடுத்தாங்கன்னா ஜனவரிலேந்து மார்ச்சுக்குள்ள நேர்ல ஆடிஷன், சுமார் ஒரு மணி நேர ப்ரோக்ராம் தயாரா இருக்கணும், பெரும்பாலும் இசைக்குறிப்புத் தாள் பாக்காம. உதவித்தொகையோட வர்ற ஆஃபருக்கு பல யூனிவர்சிட்டில ஏப்ரல் 15 வரைக்கும் டைம் உண்டு, அதுக்குள்ள எத்தன வருஷத்துக்கு உறுதி, இன்சூரன்ஸ் உண்டா, கோடைல சம்பளம் வருமான்னு எழுத்துல வாங்கிடணும். இன்னொண்ணு, படிப்பு முடிஞ்சதும் ஓபிடி, அதாவது ஸ்டூடன்ட் விசாவுல வேலை பாக்கற அனுமதி, 12 மாசம்தான், சாஃப்ட்வேர் பசங்களுக்கு கிடைக்கிற அந்த 24 மாச நீட்டிப்பு பியானோவுக்குக் கிடையாது, அதனால கடைசி வருஷம் ஆரம்பிக்கும்போதே வேலை தேட ஆரம்பிச்சிடணும், ப்ரொபசர் வேலை மட்டும்னு இல்லாம மத்தவங்க பாடும்போதும் வாசிக்கும்போதும் கூட வாசிக்கிற ஸ்டாஃப் பியானிஸ்ட், ஊர்க்காரங்களுக்கு சொல்லிக்குடுக்கற கம்யூனிட்டி மியூசிக் ஸ்கூல்னும் பாக்கணும்.

ஒரு ஸ்கூல முடிவு பண்றதுக்கு முன்னாடி அங்க இருக்கிற டீச்சருக்கு மெயில் போட்டு ஒரு ட்ரையல் லெசன் கேக்கச் சொல்லுங்க, நிறைய பேரு ஒத்துக்குவாங்க. அப்புறம் மணிக்கட்டு வலிக்குதுன்னு பொண்ணு போன்ல சொன்னதா எழுதியிருந்தீங்களே, அத தள்ளிப்போட வேணாம் சார், ஆடிஷனுக்குன்னு ப்ராக்டிஸ் நேரத்த ஏத்துறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க, அவ ப்ரொபசர்ட்டயும் மறைக்காம சொல்லச் சொல்லுங்க.