அலெக்ஸ் பெர்கன்டீன்யோஸும் கலீசியக் கால்பந்தும்: கேட்டவர்களுக்குப் பதில்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், போர்ச்சுகலுக்கு மேலே இருக்கிறது கலீசியா. வேலைக்காக அங்கே ஆ கொருன்யா நகரில் இரண்டு சீசன் இருந்தேன். அப்போது பிடித்த டெபோர்டீவோ பைத்தியம் இன்னும் விடவில்லை. போன வாரம் அந்த அணியின் முன்னாள் கேப்டன் அலெக்ஸ் பெர்கன்டீன்யோஸ் பற்றி நாலு வரி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

செந்தில்: அண்ணா, யார் இவர்? பெயரே கேள்விப்பட்டதில்லையே.

கேள்விப்படாமல் இருப்பதுதான் இயல்பு, தம்பி. 1985 ஜூனில் ஆ கொருன்யாவிலேயே பிறந்தவர். தடுப்பு நடுக்கள ஆட்டக்காரர். டெபோர்டீவோவின் இளையோர் அணியான ஃபப்ரிலில் வளர்ந்தார். 2000-ல் லீக் பட்டம் வென்ற கிளப் அது, முதல் அணியில் இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. அதனால் 2008-ல் ஹெரெஸ் என்ற தெற்கத்தி அணிக்கு லோனில், அதாவது கடனாக, அனுப்பினார்கள். அந்த சீசனிலேயே ஹெரெஸ் இரண்டாம் டிவிஷன் பட்டம் வென்று, தன் வரலாற்றில் முதல் தடவையாக முதல் டிவிஷனுக்கு ஏறியது. பிறகும் வெளியூர் லோன்தான். 2011-ல் சொந்த ஊருக்குத் திரும்பியபோது வயது 26 ஆகிவிட்டது.

அந்த நேரம் டெபோர் (டெபோர்டீவோவைச் சுருக்கமாக அப்படித்தான் சொல்வோம்) இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்திருந்தது. 2012-ல் 91 புள்ளிகளோடு பட்டம் வென்று மேலே ஏறினார்கள். 2013-ல் விழுந்தார்கள், 2014-ல் ஏறினார்கள். 2018-ல் மறுபடி விழுந்தபோது இவர் ஸ்போர்ட்டிங் கிஹோனில் லோனில் இருந்தார். அதற்குப் பிறகு திரும்பி வந்து, 2020-ல் கிளப் மூன்றாம் அடுக்குக்கே சரிந்தபோது கேப்டனாகக் கூடவே இறங்கினார். 2023-ல் விளையாட்டை விட்டபோது வயது 38. கிளப் இன்னும் மூன்றாம் அடுக்கில்தான் இருந்தது. அடுத்த வருடம் அது ஏறியதை அவர் வெளியிலிருந்துதான் பார்த்தார். இதை எழுதும்போதே எனக்கு மனசு கனக்கிறது.

மீனாட்சி: தடுப்பு நடுக்களம் என்றால் என்ன செய்வார்? கோல் அடிக்க மாட்டாரா?

ரொம்பப் பிடித்த கேள்வி. இவர் மாதிரி ஆட்களை டிவியில் பார்த்தால் புரியவே புரியாது, ஏனென்றால் கேமரா பந்தோடு ஓடுகிறது, இவர்கள் வேலை பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. டெபோரின் சொந்த மைதானமான ரியாசோரில் உட்கார்ந்து ஒரு முழுப் பாதி பந்தைப் பார்க்காமல் இவரை மட்டும் பார்த்தேன். வலது பின்கள வீரர் நடுக்கோட்டைத் தாண்டி ஓடினால் இவர் வலப்பக்கம் நாலைந்து அடி நகர்வார். நகரும்போதே தோளுக்கு மேல் ஒரு முறை திரும்பி, பின்னால் எதிரணி ஆள் எங்கே நிற்கிறான் என்று பார்ப்பார். தாக்குதல் முறிந்து பந்து பறிபோனால், எதிரணி அடிக்கும் முதல் பாஸ் இவர் காலில் வந்து முட்டும். அவ்வளவுதான். கைதட்டல் கிடைக்காது. ஆனால் அந்த நாலடி நகராமல் விட்டால் அங்கே ஒரு தெருவே திறந்துகிடக்கும். கோல் அபூர்வமாகத்தான் அடிப்பார், அதை வைத்து அளக்காதீர்கள்.

ராஜேஷ்: பெர்கன்டீன்யோஸ் என்று ஒரு கிளப்பே இருக்கிறதே, அவர் ஆரம்பித்ததா?

இல்லை. பெர்கன்டீன்யோஸ் என்பது ஆ கொருன்யா மாகாணத்தில் ஒரு வட்டாரத்தின் பெயர். அங்கே கர்பாயோ ஊரில் அந்தப் பெயரில் கீழ் டிவிஷன் கிளப் இருக்கிறது. இவருடையது குடும்பப் பெயர். இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்து வரும், கவனம்.

ஜான்சன்: மூன்றாம் டிவிஷனில் ஆடினார் என்கிறீர்கள், ஆனால் டெபோர் ‘செகுண்டா பே’யில் ஆடியதாகப் படித்தேன். செகுண்டா என்றால் இரண்டாவது அல்லவா?

இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: ஸ்பெயினில் பெயரைப் பார்த்து அடுக்கைச் சொல்லாதீர்கள், ஆண்டைப் பாருங்கள். ‘செகுண்டா பே’ 1977-ல் வந்தது, அது மூன்றாம் அடுக்கு. அது வந்ததால் ‘தெர்செரா’, அதாவது ‘மூன்றாவது’ என்ற பெயர் கொண்டது, நான்காம் அடுக்காகிவிட்டது. 2021-ல் எல்லாவற்றையும் மாற்றி அமைத்தார்கள். இப்போது மூன்றாவது ‘பிரிமேரா ஃபெடரசியோன்’, நான்காவது ‘செகுண்டா ஃபெடரசியோன்’, தெர்செரா ஐந்தாவது. கலீசியாவின் சின்ன ஊர் அணிகள் பலவும் இருப்பது அந்த ஐந்தாவதிலும் அதற்குக் கீழேயும்தான்.

கவிதா: மூன்றாம் அடுக்கு என்றால் எப்படி இருக்கும்? லீக் பட்டம் வென்ற கிளப்புக்கு அவமானமாக இருந்திருக்காதா?

இருந்தது. 2020-21 சீசனில் டெபோர் இருந்த குழுவைப் பாருங்கள்: போன்டெவேத்ரா, கோம்போஸ்டெலா, ராசிங் ஃபெர்ரோல், வீகோ நகரத்தின் சின்ன கிளப்பான கொருஷோ. பரம எதிரியான செல்டாவின் இளையோர் அணியும் அதே குழுவில். 2002-ல் ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே வீழ்த்திக் கோப்பை தூக்கிய கிளப், எதிரியின் பையன்களோடு புள்ளிக்கு மல்லுக்கட்டியது. கொரோனா காலம் வேறு. 35 வயதில் ஒரு கேப்டன் அந்த அணியோடு கொருஷோ மாதிரி அணிகளுக்கு எதிராக இறங்குகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். எனக்கு இவர் மேல் மரியாதை வந்ததே அதனால்தான்.

அருள்: 2020-ல் டெபோர் விழுந்தது கோவிட் சதி என்கிறார்களே, உண்மையா?

சதி என்று சொல்ல மாட்டேன். நடந்தது இது. 2020 ஜூலை 20, இரண்டாம் டிவிஷனின் கடைசி நாள். டெபோரோடு மோத வந்த ஃபுயென்லப்ராடா அணியில் கோவிட் தொற்று. அந்த ஒரு ஆட்டத்தை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மற்றதையெல்லாம் நடத்தினார்கள். டெபோரைப் போலவே இறங்கும் ஆபத்தில் இருந்த லூகோவும் அல்பசேட்டேயும் ஜெயித்தன. டெபோர் பந்தைத் தொடாமலே கீழிறங்கியது. 1981-க்குப் பிறகு முதல் தடவையாக மூன்றாம் அடுக்கு.

விக்னேஷ்: நான் லூகோ ரசிகன். லூகோவும் கலீசிய அணிதான். நாங்கள் மைதானத்தில் ஆடி ஜெயித்தோம். டெபோர்காரர்கள் இன்னும் எத்தனை வருடம் அழுவீர்கள்?

லூகோ மேல் எந்தக் குறையும் சொல்லவில்லை, விக்னேஷ். மிரான்டெஸை 2-1 என்று நேர்மையாக ஜெயித்தீர்கள். என் வருத்தம் ஆட்டத்தை ஒழுங்கு செய்தவர்கள் மேல்.

விக்னேஷ்: அன்றைக்கே ஆடி ஜெயித்திருந்தாலும் டெபோர் விழுந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பிறகு என்ன புகார்?

கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் கடைசி நாளில் எல்லா ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் வைப்பது எதற்கு? வேறு மைதானத்தில் என்ன ஸ்கோர் என்பது ஆட்டத்தையே மாற்றும் என்பதால்தான். டெபோர் 1-0 முன்னிலை என்ற செய்தி அன்று மற்ற மைதானங்களுக்குப் போயிருந்தால் கடைசி இருபது நிமிடம் யார் எப்படி ஆடியிருப்பார்கள் என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பிரேம்: ஃபுயென்லப்ராடாவுக்கு என்ன ஆனது?

இதைத்தான் யாரும் பேசுவதில்லை! முதல் டிவிஷனுக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் ஆட்டங்களுக்குப் போக அவர்களுக்கு ஒரு டிரா போதும். ஆகஸ்ட் 7-ல் அந்த ஆட்டம் நடந்தது. இறங்குவது ஏற்கெனவே முடிவாகிப்போன டெபோர் 2-1 ஜெயித்தது. ஃபுயென்லப்ராடா வெளியே, எல்ச்சே உள்ளே. அந்த எல்ச்சே பிளேஆஃபில் ஜெயித்து முதல் டிவிஷனுக்கே போய்விட்டது. விக்னேஷ், இப்போது சொல்லுங்கள், ஒரே ஒரு ஆட்டத்தைத் தனியாகத் தள்ளிவைத்தது எவ்வளவு பேரைப் பாதித்திருக்கிறது? டெபோர் வீரர்கள் அன்று மனமுடைந்து சும்மா ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் ஜெயித்தார்கள். அதை நான் பெருமையாகவே சொல்வேன்.

விக்னேஷ்: சரி, அந்த விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். லூகோ விஷயத்தில் இல்லை.

போதும், அதுவே பெரிது.

தினேஷ்: பெர்கன்டீன்யோஸ் கிளப் அவர் பெயரில்தானே?

மேலே ராஜேஷுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஹரி: வீடியோ கேமில் அவருக்கு எவ்வளவு ரேட்டிங்?

நான் கேம் ஆடுவதில்லை.

லதா: என் மகனுக்கு 15 வயது. கலீசிய கிளப் ஒன்றில் ட்ரையல் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள், அக்கா. 18 வயதுக்குள் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா விதி தடுக்கிறது, விதிவிலக்குகள் மிகச் சில. ட்ரையலுக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள். மகனை உள்ளூரில் நல்ல பயிற்சியாளரிடம் சேர்த்துவிட்டு, படிப்பையும் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுரேஷ்: லூக்காஸ் பெரெஸ்தான் உண்மையான விசுவாசி. சொந்தப் பணம் கட்டி வந்தார். அலெக்ஸ் வேறு வழியில்லாமல்தானே இருந்தார்?

லூக்காஸ் முன்கள வீரர், அவரும் ஆ கொருன்யாக்காரர். 2023 ஜனவரியில் முதல் டிவிஷன் காடிஸ் அணியை விட்டு, ஏறத்தாழ 5 லட்சம் யூரோ தன் கையிலிருந்து போட்டு, மூன்றாம் அடுக்குக்கு வந்தார். 2024 மே 12-ல் பார்சிலோனாவின் இளையோர் அணிக்கு எதிராக அவர் அடித்த ஃப்ரீ கிக்கில்தான் டெபோர் மேலே ஏறியது. அதற்கு ஈடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ‘வேறு வழியில்லாமல்’ என்ற பேச்சை ஏற்க மாட்டேன். வந்து காப்பாற்றுவது ஒரு வகை, போகாமல் இருப்பது இன்னொரு வகை. 2022 ஜூன் 11, அல்பசேட்டேயோடு பிளேஆஃப் இறுதி, நான் ரியாசோரில் இருந்தேன். ஆரம்பத்திலேயே 1-0 முன்னிலை. 80 நிமிடத்துக்கு மேல் சமன் ஆனது. அப்போது மைதானம் முழுக்க அப்படியே அடங்கிப்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கழுத்துத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார், அதன் பிறகு அதை விரிக்கவேயில்லை. கூடுதல் நேரத்தில் 1-2. அந்தத் தோல்விக்குப் பிறகும் 37 வயதில் இன்னொரு சீசன் அதே அடுக்கில் ஆட வந்தவர் அலெக்ஸ்.

பாலா: அவர் மூன்றாம் டிவிஷனில் ஆடினார் என்றால் தெர்செராவில்தானே?

இல்லை! பெயரைப் பார்க்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள். ஜான்சனுக்குச் சொன்ன பதில்.

நிவேதா: இப்போது கலீசியக் கீழ் டிவிஷன்களில் யாரைப் பார்க்கலாம்?

போன்டெவேத்ரா. 2024-25-ல் நான்காம் அடுக்கில் இருந்துகொண்டே கோப்பைப் போட்டியில் முதல் டிவிஷன் அணிகளான வியாரியாலையும் மல்லோர்காவையும் வெளியே அனுப்பினார்கள், மல்லோர்காவை 3-0. அந்த வருடமே ஒரு அடுக்கு மேலேயும் ஏறினார்கள். நேரம் கிடைத்தால் ஒரு முழு ஆட்டம் பாருங்கள், நடுக்களத்தில் பின்னால் நிற்கும் ஆளை மட்டும் பாருங்கள்.