பார்வையற்ற மாணவிக்கு வடிவியல்: படத்தை விரலுக்காக வரையுங்கள்

கேள்வி: 7ஆம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். வகுப்பில் ஒரு மாணவிக்கு முழுமையாகப் பார்வை இல்லை. பிரெய்ல் நன்றாக வாசிக்கிறாள். எண்கணிதத்தில் சிக்கல் இல்லை, வடிவியலில் தடுமாறுகிறாள். புத்தகத்தின் பிடிஎஃப்பையும் ஃபோன் சரியாக வாசிப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: புத்தகத்தில் உள்ள படத்தை அப்படியே மேடாக்கித் தராதீர்கள். கண் முழுப் படத்தையும் ஒரே பார்வையில் பிடித்துவிடும். விரல் துண்டு துண்டாகத் தடவித்தான் சேர்க்கும். ஆகவே ஒரு தாளில் ஒரு படம் போதும். அது ஏ4 அளவைத் தாண்ட வேண்டாம். இரண்டு கோடுகளுக்கு நடுவே 6 மி.மீ. இடைவெளியாவது விடுங்கள். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒரே தடித்த கோடாகத் தெரியும்.

முக்கோணத்தின் பக்கங்களுக்குக் கெட்டி அட்டையில் ஃபெவிகால் தடவிச் சணல் நூலை ஒட்டுங்கள். வெறும் பசையால் கோடு போட்டால் காய்ந்ததும் அமுங்கிவிடும். குத்துக்கோடு வேறு மாதிரி உணரப்பட வேண்டும். அதற்குத் தையல் கடைகளில் துணியில் குறி போடும் பல்சக்கரம் உதவும். அட்டையை மவுஸ் பேட் மேல் வைத்து அழுத்தி ஓட்டினால் பின்பக்கம் புள்ளிக் கோடு எழும். இடம் வலமாக மாறிவரும் என்பதால் படத்தைக் கண்ணாடிப் பிம்பமாக வரைந்துகொண்டு ஓட்டுங்கள். நூலை ஒட்டுவது அதன் பிறகு, புள்ளி எழுந்த பக்கத்தில். செங்கோணத்தைக் குறிக்கும் குட்டிச் சதுரம் வேண்டாம். ஓர் அட்டையின் மூலையை அங்கே பொருத்தி அவளே சரிபார்க்கட்டும்.

கனசதுரத்தின் படத்தை மட்டும் எந்த வகையிலும் மேடாக்க வேண்டாம். தாளில் சாய்வாக வரையும் முறை கண்ணுக்கான ஏற்பாடு, விரலுக்கு அதில் பொருளே இல்லை. பகடையைக் கையில் கொடுங்கள்.

முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180° என்பதை வகுப்பு முழுவதும் ஒரே முறையில் செய்யலாம். பழைய அழைப்பிதழ் அட்டையில் முக்கோணம் வெட்டி, மூன்று மூலைகளையும் கையால் கிழித்து, முனைகள் ஒன்றையொன்று தொடும்படி ஸ்கேலின் விளிம்பில் சேர்க்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் புதிதாக வெட்டிய விளிம்பும் வழவழப்பாகிவிடும், எது கோணத்தின் முனை என்று அவளுக்குப் பிடிபடாது. கிழித்த விளிம்பு சொரசொரப்பாக இருப்பதால் குழப்பம் வராது.

அவள் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டாதீர்கள். உங்கள் கை அடியில் இருக்கட்டும், அவள் கை அதன்மேல் வரட்டும். கரும்பலகையில் ‘இந்தக் கோடு’ என்பதற்குப் பதில் ‘ஏபி என்ற பக்கம்’ என்று சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்கும் அது நல்லது.

பிடிஎஃப்பில் பெரும்பாலும் எழுத்துருதான் கோளாறு. ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தாறுமாறான குறிகள் வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறை, அல்ல. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் செயலிகளான டாக்பேக்கும் (ஃபோனில்) என்விடிஏவும் (கணினியில்) அதைத் தமிழாக வாசிக்க வழியில்லை. அந்தப் பாடத்தின் பக்கங்களை மட்டும் படக் கோப்புகளாக (ஜேபிஜி) மாற்றிக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் யூனிகோடு தமிழாக மாறும். மாறியதும் அடுக்கு எண்களையும் பின்னங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். 5² என்பது 52 ஆகிவிடும், மாணவியும் 52 என்றே எடுத்துக்கொண்டு கணக்கைப் போடுவாள். அத்தகைய இடங்களில் ‘5-இன் வர்க்கம்’, ‘4-இல் 3’ என்று எழுத்திலேயே திருத்துங்கள். திருத்திய கோப்பும் தொடுபடமும் பாடத்துக்கு முந்தைய நாளே அவளிடம் போய்ச் சேரட்டும். விரலால் படிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும்.