டாக்டர் எழுதிய மெயிலை எங்கே சேர்ப்பது?

அன்புள்ள சார்,

மதுரையில் எம்.டி. படிக்கிறேன். பாம்புக்கடி பற்றி தீசிஸ். உசிலம்பட்டிப் பக்கம் நெடுங்காலம் வைத்தியம் பார்த்த மூத்த டாக்டர் ஒருவருக்கு மெயில் போட்டிருந்தேன். விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போகிறவர்களுக்குக் கையில் கடி அதிகம் என்று விரிவாகப் பதில் எழுதினார். அதை ரெஃபரன்ஸ் பட்டியலில் 14ஆவதாகப் போட்டேன். கைடு எடுக்கச் சொல்கிறார். போடக்கூடாதா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

கைடு சொல்வது சரி. ஆனால் அந்தத் தகவலையே தூக்கிப் போட வேண்டாம், அதன் இடம்தான் வேறு. பட்டியலில் இருப்பதை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துப் படித்துப் பார்க்க முடிய வேண்டும். உங்கள் இன்பாக்ஸை யார் திறப்பது? 1978இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் குழு (இன்றைய ஐ.சி.எம்.ஜே.இ.) சொல்வதும் இதைத்தான்: வேறெங்கும் கிடைக்காத, இன்றியமையாத தகவலாக இருந்தால் மட்டும், கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில் பெயரும் தேதியும் போடுங்கள். மின்னஞ்சல் என்பதையும் அவருடைய பட்டத்தையும் சேர்த்துவிடுவது நல்லது. அச்சுக்கு அனுப்பி இன்னும் ஏற்கப்படாத கட்டுரைக்கும் இதே மாதிரிதான்.

அடுத்தது அனுமதி, பலரும் கோட்டை விடுவது இங்கேதான். எழுத்தில் வாங்குங்கள். அந்த டாக்டர் ஒரு மாணவி கேட்டாளே என்று நினைவிலிருந்து எழுதியிருப்பார், தீசிஸில் ஏறும்போது அது அவர் பெயரில் நிற்கும் ஆய்வுக் கூற்றாகிவிடுகிறது. அதனால் 'உங்களைக் குறிப்பிடலாமா' என்று பொதுவாகக் கேட்காமல், நீங்கள் எழுதிய வாக்கியத்தை அப்படியே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 'அதிகம்' என்பதை அவர் 'நான் பார்த்தவரை அதிகம்' என்று திருத்தினால் அப்படியே போடுங்கள், அந்த இரண்டு சொல் ரொம்ப முக்கியம். மெயிலில் நோயாளியின் பெயர், ஊர் ஏதாவது இருந்தால் அது தீசிஸ் பக்கமே வரக்கூடாது.

அப்புறம், அவர் வேலை பார்த்த இடத்தில் பழைய ரெஜிஸ்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எதிக்ஸ் கமிட்டி அனுமதியோடு எண்ணிப் பார்க்க முடிந்தால் அது உங்கள் தரவாகவே ஆகிவிடும், இந்த மெயிலே தேவைப்படாது. ரெஜிஸ்டர் இல்லையென்றால் அவர் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தாலுகா டாக்டர்கள் வருஷக்கணக்கில் பார்த்துத் தெரிந்துகொண்டது எந்த இதழிலும் ஏறாமலே போய்விடுகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அவர் அனுமதி தரவில்லை என்றால் வரியை எடுத்துவிடுங்கள். பெயரை மறைத்து 'ஒரு மூத்த மருத்துவர் கூறியது' என்று மட்டும் போடாதீர்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதில்தான் வரும்.