நூலகம் ஸ்கேன் செய்துவைத்த பழைய நாளிதழில், தேடும் செய்தி ஏன் சிக்குவதில்லை?

ஸ்கேன் செய்த பக்கம் வெறும் படம்தான். அதிலுள்ள எழுத்துகளைக் கணினி அடையாளம் கண்டு உரையாக மாற்றுவது ஓசிஆர். தேடல் அந்த உரையில்தான் நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு இதழ்களில் தேய்ந்த அச்செழுத்து, மறுபக்கத்து மை, மைக்ரோஃபிலிமில் (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்து வைத்த ஃபிலிம் சுருள்) விழுந்த கீறல் எல்லாம் உரையைக் கெடுத்துவிடும். விலாசத்தில் ஓரெழுத்து பிசகினால், வீடு இருந்தும் தபால் சேராதது போலத்தான்.

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் இதற்கு அருமையான வழி கண்டது. 2008 முதல் அதன் நாளிதழ்த் தளத்தில் (இன்றைய டிரோவ்) யார் வேண்டுமானாலும் படத்தைப் பார்த்தபடி வரிவரியாகப் பிழை திருத்தலாம். திருத்திய சொல் தேடலிலும் வரும். ஆய்வாளர்களுக்கு இது பெரும் கொடை.

ஆள்பெயரை மட்டும் நம்பாமல் ஊர், தெரு, கப்பல் பெயர்களோடு தேதி வரம்பும் வைத்துத் தேடுங்கள்.

தேடலில் வராததால் செய்தி அச்சாகவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்; நாள் தெரிந்தால் அந்த இதழைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள்.