அரசின் இயல்பான அதிகாரங்கள் எவை? அவற்றுக்கு எல்லை உண்டா?

சட்டம் என்றால் என்ன, அரசுக்கு இயல்பாகவே உள்ள அதிகாரங்கள் எவை, அவற்றை அரசியலமைப்புதான் வழங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கோத்தகிரியைச் சேர்ந்தவன். உதகையில் வழக்கறிஞராக இருக்கிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வழங்குவதில்லை. பொதுநலனுக்காக மக்களின் நடத்தையையும் சொத்தின் பயன்பாட்டையும் ஒழுங்குபடுத்துவது, பொது நோக்கத்துக்காகத் தனியார் நிலத்தை எடுத்துக்கொள்வது, வரி விதிப்பது ஆகிய மூன்றும் அரசு என்று ஒன்று இருந்தாலே அதனுடன் இருப்பவை என்பதே சட்டவியலின் கொள்கை. அவற்றை மத்திய, மாநில அரசுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்து, எல்லை வகுப்பதுதான் அரசியலமைப்பின் வேலை.

அந்த எல்லை 'சட்டம்' என்ற சொல்லில்தான் தொடங்குகிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றுவது சட்டம். அச்சட்டம் அளித்த அதிகாரத்தின்படி வகுக்கப்படுபவை விதிகள். அரசாணை என்பது நிர்வாகத்தின் உத்தரவு. சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆம் பிரிவு. ஆகவே, சட்டத்தின் துணையில்லாத வெறும் அரசாணையைக் கொண்டு ஒருவரிடம் ஒரு ரூபாய்கூட வரியாக வாங்க முடியாது.

மலைவாசிகளான எங்களை அதிகம் தொடுவது மற்ற இரண்டும்தான். செங்குத்தான சரிவில் வீடு கட்ட அனுமதி மறுக்கப்பட்டால் அது ஒழுங்குபடுத்துதல். நிலம் உங்களுடையதாகவே இருக்கும். பயன்பாடு மட்டுமே கட்டுப்படும். அதற்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. அதே நிலத்தைச் சாலைக்காக எடுத்தால் உரிமையே கைமாறுகிறது. இழப்பீடு தர வேண்டும். சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைகளின் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும், சட்டத்தின் அதிகாரத்தாலன்றி எவருடைய சொத்தையும் பறிக்கலாகாது என்று 300அ பிரிவு இன்றும் காக்கிறது.

இந்த அதிகாரத்தின் வரலாற்றில் எங்கள் கூடலூருக்குப் பெரிய இடம் உண்டு. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை முழு உரிமை நிலங்களை, அரசுடைமையாக்க 1969இல் தமிழ்நாடு ஒரு சட்டம் இயற்றியது. அந்நிலங்களில் அடங்கிய காடுகளை எடுப்பது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று கூறி, சட்டத்தின் அந்தப் பகுதியை உச்ச நீதிமன்றம் 1972இல் செல்லாததாக்கியது. நாடாளுமன்றமோ 1974இல் 34ஆவது திருத்தத்தின் மூலம் அச்சட்டம் முழுவதையும் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்து, நீதிமன்றத்தின் கை எட்டாதபடி வைத்தது. இதிலிருந்து எழுந்த வழக்கில்தான், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அந்த அட்டவணையில் ஏற்றப்பட்ட சட்டங்களும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்புக்கு, அதாவது திருத்தத்தாலும் சிதைக்க முடியாத அதன் அடிப்படைக் கூறுகளுக்கு, உட்பட்டே நிற்க வேண்டும் என்று ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரியில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நாட்டுக்கே எல்லை வகுத்த வழக்கு கூடலூர்க் காட்டிலிருந்து போனது என்பதை எங்கள் பிள்ளைகள் பாடமாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதே 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆவது பிரிவில் வரும் குத்தகை நிலங்களில் குடியிருப்போர் பட்டா கேட்டு இன்றும் அலைகிறார்கள். கோட்பாட்டில் கிடைத்த வெற்றி அவர்களுடைய வாசற்படிவரை வரவில்லை. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் படித்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தைச் சாலைக்கு எடுத்தார்கள். பணம் தருவதே அரசின் கருணை என்று எண்ணிய அப்பா, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார். இழப்பீட்டைப் பெறும்போது 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதாதவர், தொகை போதாது என்று பின்னர் கேட்க இயலாது என்பது அப்போதிருந்த 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் நிபந்தனை. அதற்கு மாற்றாக 2014 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 2013ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தின் மதிப்புக்கு மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை தருகிறது. ஆனால் அந்த நிபந்தனை மட்டும் அதிலும் தொடர்கிறது. அதனால், இழப்பீடு வாங்கப் போகும் எவரிடமும் நான் முதலில் சொல்வது அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான்: ரசீதில் கையெழுத்திடும் முன் அவற்றை உங்கள் கைப்பட எழுதுங்கள்.