ஓசி வைஃபையில் ஓட்டலாம் தம்பி, ஆனால்...

தம்பி, அக்டோபரில் பெர்லினுக்குப் படிக்க வருவதாகச் சொல்லி மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். குளிர் ஜாக்கெட்டை ஊரிலேயே வாங்கி வரலாமா, பி1 (நடுநிலை) ஜெர்மன் போதுமா, வீட்டு இன்டர்நெட்டுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் போடாமல் இலவச வைஃபையிலேயே ஓட்ட முடியுமா. ஜாக்கெட் இங்கே வந்து வாங்குங்கள். ஜெர்மன், எவ்வளவு படித்து வந்தாலும் முதல் மாதம் பேக்கரிக்காரம்மா பேசுவது புரியாது. மூன்றாவதற்கு மட்டும் உட்கார்ந்து எழுதுகிறேன், அதில் அடிபட்டவள் நான்.

ஓட்டலாம். பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் எடுரோம் என்ற, பல்கலைக்கழகங்களுக்கான பொது வைஃபைக் கணக்கு கிடைக்கும். ஒருமுறை போனில் ஏற்றிவிட்டால் வேறு நாட்டுப் பல்கலைக்கழகத்திலும் தானாக இணையும். திண்டாட்டம் அதற்கு முந்தைய வாரம்தான். 2017இலிருந்து ப்ரீபெய்டு சிம்முக்கும் அடையாளச் சோதனை உண்டு. பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டி வீடியோவில் பேசு என்பார்கள். வீடியோவுக்கு இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு சிம் வேண்டும். அப்போது வைஃபை பட்டியலில் ஃப்ரைஃபுங்க் என்ற பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். கடவுச்சொல் கேட்காது, காசும் கேட்காது.

இது கம்பெனியும் இல்லை, அரசுத் திட்டமும் இல்லை. ஆர்வலர்கள் தங்கள் ஜன்னலிலும் கூரையிலும், கேட்டு வாங்கி சர்ச் கோபுரத்திலும் ரூட்டர் வைக்கிறார்கள். ஒரு ரூட்டர் அடுத்த ரூட்டருக்குக் கைமாற்றிவிடும், கடைசியில் எங்கோ ஒருவர் தன் வீட்டு இணைப்பில் கொஞ்சத்தைப் பகிர்ந்திருப்பார். 2015இல் அகதிகள் வந்து குவிந்தபோது முகாம்களில் வைஃபை போட்டுக் கொடுத்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இது பெர்லினில் வளர்ந்ததற்கு ஒரு வேடிக்கையான காரணம் இருக்கிறது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்கில் பல பகுதிகளுக்குப் புத்தம்புது கண்ணாடி இழைத் தொலைபேசிக் கம்பி போட்டார்கள். அப்புறம் தொலைபேசிக் கம்பியிலேயே வேக இன்டர்நெட் தரும் டிஎஸ்எல் வந்தது. அது செம்புக் கம்பியில்தான் ஓடும். புதுசு போட்ட தெருக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள், எங்கோ கிடைத்த இணைப்பை ரூட்டர் ரூட்டராகக் கைமாற்றிக்கொண்டார்கள். நான் 2005இல் குடியேறிய ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் அப்படி ஒரு பகுதி. அறைத்தோழி ஒரு நீலக் கறுப்பு லிங்க்சிஸ் ரூட்டரைச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, மழைத்தண்ணீர் போகாமல் அடைத்துக் கூரையில் கட்டியிருந்தாள். புதன்கிழமைகளில் சீ-பேஸுக்கு இழுத்துப் போவாள். பூமியில் விழுந்து புதைந்த விண்வெளி நிலையம் இது என்று முகம் சிரிக்காமல் சொல்லும் ஆட்களின் மன்றம் அது. சாலடரிங் பிடிக்கக் கற்றது அங்கேதான். நம் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் யார் எந்த ஏரியாவில் வீடு வாங்கினார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் கற்றதாக நினைவில்லை.

இப்போது எச்சரிக்கை. படங்களை ஆளுக்கு ஆள் பகிர்ந்து இறக்கும் டோரண்ட் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். இறக்கும்போதே நீங்கள் பிறருக்கு ஏற்றவும் செய்கிறீர்கள், பிடிப்பது அதைத்தான். படத்தின் உரிமையாளர் தரப்பு உங்கள் இணைப்பின் ஐபி எண்ணைக் குறித்துக்கொண்டு, நீதிமன்ற உத்தரவோடு பெயரைக் கேட்டு வாங்கிவிடும். அப்மானுங் என்று ஒரு வக்கீல் கடிதம் வரும். அதுவும் உங்களுக்கு வராது, இணைப்பு யார் பெயரிலோ அவருக்கு வரும். 2011இல் நம் ஊர்ப் பையன் ஒருவனை, பாவம், வீடு கிடைக்கவில்லையே என்று இரண்டு வாரம் தங்கவைத்தேன். அவன் போய் இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 850 யூரோ கட்டினேன். கேட்டதற்கு, "ஊரில் எல்லாரும் செய்வதுதானே அக்கா" என்றான். இன்று வரை ஒரு செண்ட் தரவில்லை. இப்போது ம்யூனிக்கில் மேனேஜராம், புதிதாக வருபவர்களுக்கு ஒழுங்கு பற்றி வகுப்பு எடுக்கிறானாம்.

அந்த நாளில் சட்டமும் அப்படி. பூட்டாத வைஃபையை யாரோ தவறாகப் பயன்படுத்தினால் வைத்தவரும் பொறுப்பு என்று 2010 மே மாதம் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பயந்து ஆளாளுக்குப் பூட்டினார்கள். ஃப்ரைஃபுங்க்காரர்கள் இன்டர்நெட் போக்குவரத்தையே விபிஎன் என்ற மறைவழியில் வெளிநாடு வழியாக அனுப்பினார்கள். 2017 அக்டோபரில் வந்த திருத்தம்தான் அந்தப் பொறுப்பை நீக்கியது. கவனியுங்கள், நீக்கியது வைஃபை கொடுப்பவருக்கு. படம் இறக்குபவருக்கு அல்ல. கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள், கூட வரும் உறுதிமொழித் தாளில் உடனே கையெழுத்தும் போடாதீர்கள். மாணவர் அமைப்பின் சட்ட ஆலோசனைக்கோ நுகர்வோர் மையத்துக்கோ எடுத்துப் போங்கள்.

திறந்த வைஃபையில் வங்கி வேலை பார்க்கலாமா என்றால், செயலியில் பார்க்கலாம். சான்றிதழ் பிழை என்று திரை எச்சரித்தால் மூடிவிடுங்கள், அதே பெயரில் எவனும் போலி வைஃபை வைக்க முடியும்.

ஒப்பந்தம் இப்போது அவ்வளவு பயமில்லை. இன்டர்நெட் கம்பெனிகள் ஒரு வருஷ ஒப்பந்தமும் கொடுத்தாக வேண்டும், 2021 டிசம்பரிலிருந்து முதல் காலம் முடிந்த பின் ஒரு மாத அறிவிப்பில் விலகலாம். 2007இல் நான் நோட்டீஸ் கொடுக்கும் தேதியைத் தவறவிட்டு, காலி செய்த வீட்டுக்கு இன்னொரு வருஷம் கட்டினேன். அந்தக் கம்பெனி பாட்டை இன்றும் போனில் காத்திருக்கும்போது கேட்டால் எரிகிறது.

கூரையில் ரூட்டர் கட்டிய அந்த முதல் வீட்டில் சிக்னல் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ஊரில் அம்மா என் தம்பியோடு பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்காருவாள், நான் ஜன்னலில் லேப்டாப்பை வைத்து நின்றபடி பேசுவேன். குளிர்காலம் முழுக்க நன்றாகவே கேட்டது. மே மாதம் முற்றத்து மரம் தழைத்ததும் குரல் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ஈர இலை அலையைக் குடித்துவிடும் என்று அறைத்தோழி சொன்னாள். அம்மாவிடம், "மரம் இலை விட்டிருக்கிறது, அதனால்தான்" என்று கத்தினேன். "இலை விட்டால் நல்லதுதானே" என்றாள்.