சூட்டில் நிற்கும் மாருதி 800: எஞ்சினை இறக்க முன்

தம்பி, மத்தியான வெயிலில் கிளிநொச்சியில் இருந்து மாங்குளம் வருவதற்குள் உங்கள் அப்பாவின் பழைய மாருதி 800 நின்றுவிடுகிறது, அரை மணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகிறது என்கிறீர்கள். கராஜில் சொன்னார்கள் என்று எஞ்சினை இறக்காதீர்கள். கார்புரேட்டர் மொடல்தானே? பெரும்பாலும் பிளக்குக்கு மின்பொறி கொடுக்கிற இக்னிஷன் கொயில் சூட்டில் மக்கர் பண்ணும், இல்லாவிட்டால் பம்பிலோ குழாயிலோ பெற்றோல் ஆவியாகி அடைக்கும்.

அடுத்த முறை நின்றதும், ஆற முன்னரே, வேறொரு பிளக்கை வயரில் மாட்டி எஞ்சின் இரும்பில் முட்டவைத்து ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், பெற்றோல் மணம் இருந்தால் தொடவே வேண்டாம். பொறி இல்லையென்றால் கொயிலை மாற்றுங்கள். பொறி வந்தால் பம்பில் ஈரத்துணி போடுங்கள். கொஞ்ச நேரத்தில் ஸ்டார்ட் ஆனால் கள்ளன் அங்கேதான்.

ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரா ஊற்றுகிறீர்கள்? கேத்தலில் படிகிற அதே வெள்ளை உள்ளேயும் படியும். கூலன்ட் விடுங்கள். மின்விசிறி தானாகச் சுற்றுகிறதா என்றும் பாருங்கள்.

என் முதல் கார் ஒஸ்ரின் ஏ40. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சட்டையெல்லாம் அந்த மணம்தான், ஆனாலும் எனக்குப் பெருமை! உங்களது 796 சிசி, மூன்று சிலிண்டர், எளிய எஞ்சின். விற்க அவசரப்படாதீர்கள். கொயில் வாங்கப் போகும்போது பழையதையும் கொண்டுபோங்கள்.